ஜீப்பை 'மாஸ்' ஆக்கணுமா? ஆரணியிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் முன் 4x4 ஓனர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணியிலிருந்து ஜவ்வாது மலை அதிக தூரம் இல்லை. போளூர் வழியாகப் போனால் ஜமுனாமரத்தூர் மலைப்பாதை. கண்ணமங்கலம் பக்கம் திரும்பினால் படவேடு, அதைத் தாண்டினால் செண்பகத்தோப்பு அணை. சனி, ஞாயிறு வந்தாலே தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்கு மலை மேல் ஒரு கண் இருக்கும்.

ஜீப் வாங்கிய கையோடு அடுத்த ஆசையும் வந்துவிடும். பெரிய டயர், உயரமான சஸ்பென்ஷன், கூரையில் எல்.இ.டி. லைட், முன்னால் கனமான கம்பி பம்பர். வீடியோ பார்த்து வீட்டு வாசலிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம் என்றும் தோன்றும். இதில் எதைச் செய்யலாம்? எதைச் செய்தால் அபராதம், சிறை வரை போகும்? மலையில் வண்டி நின்றுவிட்டால் மெக்கானிக் வரும் வரை நாமே என்ன பார்க்கலாம்? விரிவாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதில் முக்கியம். வண்டியைத் தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, அதாவது ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக, வாகனத்தை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. இன்ஜின் மாற்றுவது, சி.என்.ஜி. கிட் பொருத்துவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஆர்.டி.ஓ. அனுமதியோடு வழி இருக்கிறது.

கேரளாவில் தொடங்கிய ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இந்தத் தீர்ப்பை வழங்கியது. வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றும் வேலைகளுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி கொடுக்கவே முடியாது என்பதே அதன் சாரம்.

அதே ஆண்டு சட்டத்தில் திருத்தம் வந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கும் 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு மாற்றம் என்றால் 20,000 ரூபாய்.

நிஜமாகவே சிறைத் தண்டனை கொடுத்திருக்கிறார்களா?

கொடுத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு தார் ஓனருக்கே. காஷ்மீரின் ஸ்ரீநகரில் சைரன் உட்படப் பல மாற்றங்கள் செய்யப்பட்ட மஹிந்திரா தார் ஒன்று சிக்கியது. அதன் உரிமையாளருக்கு அங்குள்ள போக்குவரத்து நீதிமன்றம் 6 மாத சிறைத் தண்டனை விதித்த செய்தி 2023 ஜனவரியில் வெளியானது. பிறகு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ், 2 லட்சம் ரூபாய் பிணைப் பத்திரத்தோடு, 2 ஆண்டுகள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் அவர் விடப்பட்டார். வண்டியில் இருந்த மாற்றங்களையெல்லாம் நீக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவரும்படியும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மாற்றத்துக்குச் செலவு செய்த பணம், அதைக் கழற்றச் செலவாகும் பணம், வழக்குக்கு அலையும் நாட்கள் என எல்லாம் சேர்ந்து ஓனர் தலையில்தான் விழும். வேலை செய்து கொடுத்த கடைக்காரர் அப்போது கூட வரப்போவதில்லை.

பிரச்சினை கொடுக்கும் மாற்றங்கள் எவை?

1. முன்பக்க கம்பி பம்பர்: 'புல் பார்', 'க்ராஷ் கார்டு' என்று விற்கப்படும் இந்தக் கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் இருக்கிறது. மோதும்போது வண்டியின் முன்பகுதி நசுங்கி, அடியின் வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருக்கும். சேசிஸில் நேராக முறுக்கிய இரும்புக் கம்பி அந்த அடியை உள்ளே இருப்பவர்களிடம் கடத்திவிடும். ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகவும் வாய்ப்பு உண்டு. எதிரே நடந்து வருபவருக்கு அடி பல மடங்கு.

2. கூரை மீது எல்.இ.டி. பார்: மத்திய மோட்டார் வாகன விதி 111-ன்படி, ஆர்.டி.ஓ.வின் சிறப்பு அனுமதி இல்லாமல் வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்தக் கூடாது. மலை வளைவில் எதிரே வரும் டூவீலர்காரருக்குக் கண் கூசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

3. சைலன்சர், ஏர் ஹாரன்: சத்தம், புகை அளவை மீறினால் 190(2) பிரிவின் கீழ் 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். 3 மாதம் லைசென்ஸும் போகும்.

4. டி.பி.எஃப். நீக்குவது: பி.எஸ்.6 டீசல் வண்டியின் புகை வடிகட்டி இது. 'இதைத் தூக்கிட்டா பிக்கப் வரும்' என்று சொல்பவர்கள் உண்டு. அது சட்ட மீறல். வாரன்டியும் போய்விடும்.

5. சஸ்பென்ஷன் லிஃப்ட்: வண்டியை 2, 3 இன்ச் தூக்குவது பார்க்க எளிதான வேலை. ஆனால் உயரம் கூடினால் வண்டியின் எடை மையமும் மேலே போகும். வளைவில் கவிழும் ஆபத்து கூடும். பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வராது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டால், மலையை விட்டு இறங்கும்போதுதான் கோளாறு தெரியும்.

பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்?

பலரும் முதலில் கை வைப்பது டயரில்தான். ஒரு சின்ன கணக்குப் பார்ப்போம். 2020 தாரின் உயர் ரகத்தில் வருவது 255/65 ஆர்18 டயர். அதன் மொத்த உயரம் சுமார் 789 மி.மீ. அதற்குப் பதில் 285/70 ஆர்17 போட்டால் உயரம் சுமார் 831 மி.மீ. ஆகிவிடும். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம்.

அப்படின்னா, ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 84 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும். ஏற்றத்தில் கிளட்ச்சுக்கு வேலை அதிகம், மைலேஜ் குறைவு. சக்கரத்தை வெளியே தள்ள 'ஸ்பேசர்' வேறு போட்டால் வீல் பேரிங், வீல் போல்ட் இரண்டுக்கும் கூடுதல் சுமை.

வண்டியின் கையேட்டில் அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட டயர் அளவுக்குள், தடத்தின் வெட்டு ஆழமான 'ஆல் டெரெய்ன்' டயர் எடுப்பதே பாதுகாப்பான வழி. ஜவ்வாது மலையின் மண் பாதைக்கு அதுவே தாராளம்.

வீட்டிலேயே தைரியமாக எதைச் செய்யலாம்?

வண்டியின் அமைப்பைத் தொடாத வேலைகள் நிறைய இருக்கின்றன. ஃப்ளோர் மேட், சீட் கவர், உள்ளே பொருள் வைக்கும் பெட்டி, மொபைல் ஹோல்டர், டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி போன்றவை. இவற்றால் ஆர்.சி.க்கும் இன்சூரன்ஸுக்கும் பிரச்சினை இல்லை. வண்டியின் நிறத்தை மாற்றினால் மட்டும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

எலக்ட்ரிக் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 120 வாட் இழுக்கும் ஒரு பொருள் 12 வோல்ட் பேட்டரியில் 10 ஆம்பியர் எடுக்கும். அதை மெல்லிய வயரில் நேராக ஸ்விட்ச்சுக்குக் கொண்டுவந்தால் வயர் சூடாகி உருகும். ரிலே வைத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் போட்டு, தேவையான தடிமனில் வயர் இழுக்க வேண்டும். கம்பெனி வயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றுவது ஆகவே ஆகாது. ஓடும் வண்டி தீப்பிடிக்க அந்த ஒரு முறுக்கு போதும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாலிசி எடுக்கும்போது சொல்லாத மாற்றம் வண்டியில் இருந்தால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் அதைக் குறிப்பில் எழுதுவார். அந்த மாற்றமே விபத்துக்குக் காரணம் என்று வந்தால் க்ளெய்ம் குறைக்கப்படலாம், மறுக்கவும் படலாம். எதைப் பொருத்தினாலும் முன்கூட்டியே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொள்வது நல்லது.

பழைய ஜீப் வாங்குபவர்கள் கவனத்துக்கு: தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் ஆய்வுக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முந்தைய ஓனர் செய்த வெல்டிங், மாற்றிய இன்ஜின், வெட்டிய பாடி எல்லாம் அந்த ஆய்வில் வெளியே வரும். வாங்கும் முன்பே சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்துவிட வேண்டும்.

மலையில் வண்டி மக்கர் செய்தால்?

மலையில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலான கோளாறு பராமரிப்புக் குறைவால் வருவதுதான். சில சிக்கல்களும் முதல்கட்டமாகப் பார்க்க வேண்டியவையும்:

ஸ்டார்ட் ஆகவில்லை, 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறது: பேட்டரி டெர்மினல் தளர்ந்திருக்கிறதா, பச்சை நிறத்தில் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2-க்குக் கீழே போனால் பாதிக்கும் குறைவு. வேறு வண்டியிலிருந்து சார்ஜ் எடுப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. சிவப்பு வயரை முதலில் தீர்ந்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டவும். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை நின்றுபோன வண்டியின் இன்ஜின் இரும்பில் மாட்டவும்.

ஏற்றத்தில் இன்ஜின் சூடாகிறது: ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாக வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜினின் சூடு கொஞ்சம் வெளியேறும். ஓரமாக நிறுத்திவிடுங்கள். ஆவி வந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பாருங்கள். ரேடியேட்டரின் முன்பக்கம் சேறும் புல்லும் அடைத்திருந்தாலும் இதே கதைதான். கூரையில், பம்பரில் எக்ஸ்ட்ரா எடை ஏற்றிய வண்டிக்கு இந்தப் பிரச்சினை சீக்கிரம் வரும்.

இறக்கத்தில் பிரேக் பெடல் மெத்தென்று போகிறது, கருகிய வாடை வருகிறது: பிரேக்கையே நம்பி இறங்கியதால் வரும் வினை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழ் விடும், பெடல் உள்ளே போகும். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

ஃபோர் வீல் விழவில்லை, அல்லது விழுந்தது வெளியே வரவில்லை: ஃபோர்-எல் போடும்போது வண்டி நின்றிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். வெளியே வர அடம்பிடித்தால் சில அடி ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்-எச் போட்டு ஓட்டுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருளும். அந்த வித்தியாசத்துக்கு வழி இல்லாமல் உள்ளே இருக்கும் கியர்கள் இறுகிக்கொள்ளும். மண், சேறு, மணலில் மட்டும் போடுங்கள்.

ஸ்டீயரிங் கடகடவென்று ஆடுகிறது: முன்னால் ஒரே இரும்பு அச்சு உள்ள பழைய ஜீப்களிலும் ஜிம்னி போன்ற வண்டிகளிலும் இது வரலாம். வேகத்தை மெதுவாகக் குறைத்து நிறுத்துங்கள். வீல் பேலன்ஸ், டை ராட் எண்ட், கிங் பின் பேரிங் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டாமல் அடுத்த டிரிப் போக வேண்டாம்.

பழைய டீசல் ஜீப் ஓடிக்கொண்டிருந்தபடியே மூச்சுத் திணறி நிற்கிறது: டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். கீழே உள்ள திருகைத் தளர்த்தி வடித்துவிடுங்கள். லைனில் காற்று புகுந்திருந்தால் ஹேண்ட் பம்ப்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும். புது மாடல்களில் டீசல் லைனைக் கழற்ற வேண்டாம். அழுத்தம் மிக அதிகம், கையைக் கிழித்துவிடும்.

ஆற்றில் இறக்கலாமா?

படவேடு பக்கம் கமண்டல நாகநதி பெரும்பாலான மாதங்களில் சாதுவாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் செண்பகத்தோப்பு அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் கதையே வேறு.

2020 தார் 650 மி.மீ., அதாவது 2 அடிக்குச் சற்று அதிகமான ஆழம் வரை இறங்கலாம் என்கிறது நிறுவனம். 2021 கூர்க்காவுக்கு 700 மி.மீ. இதெல்லாம் நிற்கும் தண்ணீருக்கான கணக்கு. ஓடும் வெள்ளம் இதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

'நான்தான் ஸ்நார்கெல் போட்டுட்டேனே' என்பவர்களுக்கு: அந்தக் குழாய் இன்ஜினுக்கான காற்றை மேலிருந்து எடுக்கும், அவ்வளவுதான். வயரிங், கியர் பாக்ஸ், அச்சு எல்லாம் தண்ணீருக்குள்தான் இருக்கும். வீட்டில் ஓட்டை போட்டுப் பொருத்திய குழாயில் ஒரு இணைப்பு கசிந்தாலும் தண்ணீர் நேராக இன்ஜினுக்குள் போகும்.

தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றை அழுத்துவதுபோல் தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும், இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். கயிறு போட்டு வெளியே இழுப்பதே வழி. இழுக்கும்போது அதற்கென்று உள்ள கொக்கியில்தான் கட்ட வேண்டும், பம்பரில் கட்டக் கூடாது. கயிறு அறுந்து தெறித்தால் உயிருக்கே ஆபத்து. சுற்றி நிற்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைத் தாண்டி வந்த பிறகு பிரேக்கை லேசாக நான்கைந்து முறை மிதித்து ஈரம் போக்குங்கள். அடுத்த சில நாட்களில் அச்சின் ஆயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள். பால் கலந்த டீ போல் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

மலை மேல் எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாமா?

ஓட்ட முடியாது. ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி அனுமதியின்றி காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். பொதுச் சாலையை விட்டு இறங்கும் முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். மலைக் கிராமத்துக்காரர்களின் சாமை, வரகு வயல் வழியாக ஓட்டுவது சாகசம் ஆகாது.

கிளம்பும் முன் 10 நிமிடம்

• ஸ்டெப்னி உட்பட எல்லா டயரிலும் காற்று. மண்ணில் காற்றைக் குறைத்தால், தார் ரோடு ஏறும் முன் மறுபடி அடிக்க வேண்டும்.
• வீல் நட்டு. புதிதாகச் சக்கரம் மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.
• இன்ஜின் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் அளவு. வண்டி நின்ற இடத்தில் தரையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா?
• ஜாக்கி, ஸ்பானர், இழுவைக் கயிறு, டார்ச், குடிநீர்.
• மலையில் சில இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. எந்த வழி, எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

மாற்றத்துக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் நல்ல டயர், புது பிரேக் ஆயில், சரியான பேட்டரி என்று போட்டால், கம்பெனியிலிருந்து வந்த அதே ஜீப்பே ஜமுனாமரத்தூருக்கு ஏறி, பத்திரமாக ஆரணி திரும்பிவிடும். அதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்றால், ஸ்பானரை எடுக்கும் முன் ஆர்.சி.யையும் கையேட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.